மேதப்பா வீட்டில் இரண்டு வெடி

ஜூலை 9

இருபத்தாறு ஆண்டுகள் ஆழ்ந்து யோசித்து, பிரசவ அறை வாசலில் கணவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவது என்று இன்று முடிவெடுத்தேன்.

என் ஆஸ்பத்திரியில் இதுவரை எல்லா ஆண்களும் நின்றுகொண்டேதான் தகப்பன் ஆனார்கள். அவர்கள் நின்றால் பிரசவம் சீக்கிரம் முடியும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே ஒருத்தி அந்தப் பாடு படும்போது வெளியே ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பாமல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் நீதியுணர்ச்சி கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

முறைப்படி ஊழியர் கூட்டம் கூட்டினேன். சிஸ்டர் ஏலியம்மா கடுமையாக எதிர்த்தார். "உக்கார வச்சா தூங்கிருவாங்க டாக்டரே. தூங்குற ஆம்பளைய எழுப்பி 'உனக்குப் பொண்ணு பொறந்திருக்கு'ன்னு சொன்னா, 'யாருக்கு?'ன்னு கேப்பான்." போன மாதம் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த டாக்டர் நிரஞ்சன் நடுநிலை வகித்தார். என் ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது.

அதில் முதலில் உட்கார்ந்தவன் போபய்யா. அதுவும் நுனியில்தான். மனைவி தேச்சம்மாவை மாதப் பரிசோதனைக்குக் கூட்டி வந்திருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு முறை கரு தங்காமல் போனது. பிறகு மைசூரில் சிகிச்சை எடுத்து, இப்போது ஒன்றுக்கு இரண்டாக வயிற்றில் இருக்கின்றன. மைசூர் டாக்டர்கள் பிரசவத்துக்கும் அங்கேயே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"கொடுத்தது அவங்க. பெத்துக்கறது இங்கதான்," என்றாள் தேச்சம்மா. "ரெண்டு தடவையும் நான் அழுதது உங்க ரூம்ல டாக்டரக்கா. சிரிக்கறதுக்கு மட்டும் மைசூருக்குப் போகணுமா?"

இரண்டு தலையும் கீழே இருக்கின்றன, இரண்டுக்கும் தனித்தனி நஞ்சுக்கொடி. இங்கேயே பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை: கடைசி மாதம் தொடங்கியதும் ஆஸ்பத்திரியில் வந்து தங்கிவிட வேண்டும்.

ஜூலை 12

டாக்டர் நிரஞ்சன் நன்றாகப் படித்தவர். தங்கப் பதக்கம் வாங்கியிருக்கிறார். ஆண் என்பது ஒன்றுதான் குறை. அதையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

இன்று அவரிடம் வந்த ஐந்து பெண்களில் மூன்று பேர், நோய் தங்களுக்கில்லை, பக்கத்து வீட்டுக்காரிக்கு என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் மாதவிடாய்த் தேதியை மணி வாரியாகச் சொன்னார்கள். நான்காவது, எழுபது வயதுக் கிழவி, பரிசோதனை முடியும்வரை கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, "கல்யாணம் ஆச்சா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்றார். "எப்படி ஆகும்!" என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஐந்தாவது பெண் உள்ளே இருந்தபோது வெளியே எங்கோ மேட்டிலிருந்து துப்பாக்கி வெடித்தது. நிரஞ்சன் மேசைக்கு அடியில் போய்விட்டார். அந்தப் பெண் குனிந்து பார்த்து நிதானமாகச் சொன்னாளாம்: "ஒண்ணுதான் டாக்டரே. ஒண்ணுன்னா பிள்ளை பொறந்திருக்கு. ரெண்டு கேட்டாத்தான் சாவு, நாம வெள்ளை உடுத்திட்டு ஓடணும். வெளிய வாங்க, எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

என்னிடம் வந்து கேட்டார்: "மேடம், குடகுல எல்லா வீட்லயும் துப்பாக்கி இருக்குமா?"

"எல்லா வீட்டிலயும் இருக்காது," என்றேன். "சில வீட்ல ரெண்டு மூணு இருக்கும்."

ஜூலை 17

குடகின் அடைமழை மாதமான கக்கடம் பிறந்தது. மழை. மின்சாரம் போனது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு சுகப்பிரசவம். குழந்தை இதைப் பற்றிப் புகார் எதுவும் தெரிவிக்கவில்லை.

ஜூலை 24

தேச்சம்மா வந்தாள். துணைக்கு மாமனார் சுபேதார் மேதப்பாவும் வந்தார். வயது எண்பத்தொன்று. பத்து வருடமாக, "இந்த மழைக்காலம் தாண்ட மாட்டேன்" என்று எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறார். அப்படி விடை கொடுத்த பலரின் சாவுக்கு அவர்தான் போய் வந்தார்.

அவர் வீட்டுத் துப்பாக்கி ஊரறிந்தது. அந்தக் காலத்தில் ஆண் பிறந்தால்தான் வெடி. இவருக்கு முதலில் பெண் பிறந்ததும் வாசலில் போய் நின்று சுட்டார். அது வழக்கமில்லை என்று சொல்ல ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்களாம். கையில் துப்பாக்கி வைத்திருப்பவனோடு யாரும் அதிக நேரம் வாதிடுவதில்லை. அன்றோடு வழக்கம் மாறிவிட்டது.

"எப்ப கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டார்.

"இந்த வாரமே வந்துடட்டும் மாமா. இரட்டைன்னா முன்னாடியே வலி வந்துடலாம். உங்க ரோட்ல மரம் விழுந்தா அப்புறம் என்ன பண்றது?"

"கக்கடப் பதினெட்டு முடியாம எப்படி அனுப்புறது? மருந்துத் தழைப் பாயசம் குடிக்காம எங்க வீட்லருந்து ஒரு மருமகளும் வெளிய போனதில்ல."

"பாயசத்தை ஒரு தூக்குல போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"அக்கம்மா," என்று என் பெயரைச் சொல்லி மெதுவாகக் கேட்டார், "நீ குடகுல பொறந்தவதானே?"

இந்த ஊரில் ஒருவரைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சந்தேகப்பட முடியாது. ஆகஸ்ட் மூன்றாம் தேதி, கக்கடம் பதினெட்டு, நானே ஜீப்பில் வந்து பாயசம் முடிந்த கையோடு அவளைக் கூட்டிப்போவது என்று சமரசம் ஆனது. தாமதத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அந்த வீட்டுப் பாயசத்தில் தேனும் நெய்யும் தாராளமாக இருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜூலை 30

மடிக்கேரிப் பக்கம் சாலையில் மண் சரிவு. நிரஞ்சனுக்கு முதல் அட்டைக்கடி. கையேட்டில் சிகிச்சை தேடினார். ஏலியம்மா உப்புப் போட்டார்.

ஆகஸ்ட் 2

செல்போன் கோபுரம் உயிரை விட்டது. ஊரே நிம்மதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 4, காலை

நேற்று எழுத முடியவில்லை.

நேற்று முற்பகல் நிரஞ்சனைக் கூட்டிக்கொண்டு மேதப்பா வீட்டுக்குப் போனேன். முன்யோசனையாகப் பிரசவப் பெட்டியை ஜீப்பில் ஏற்றியிருந்தேன். தேச்சம்மாவுக்கென்று ஒதுக்கிய ரத்தம் ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியில் இருந்தது. அதற்கு மேல் முன்யோசனை செய்ய எனக்குத் தெரியாது.

தழைச் சாறு விட்டு வேகவைத்த அரிசி, கத்தரிப்பூ நிறத்தில். நிரஞ்சன் முதலில் மோந்து பார்த்தார். பிறகு இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். தேச்சம்மா ஒரு கிண்ணம். மூன்றாவது கிண்ணத்துக்கு நான் கை நீட்டும்போது தோட்டத்துப் பாதையில் பெரிய சத்தம். போபய்யா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வேரோடு ஒரு பலா, அதன் மேல் இரண்டு சில்வர் ஓக். ஜீப் போகவே முடியாது.

"வெட்டிரலாம் டாக்டரக்கா, சாயங்காலத்துக்குள்ள ஒரு மரமாவது—"

அப்போது தேச்சம்மா எழுந்து நின்றாள். காலடியில் தண்ணீர். பனிக்குடம் உடைந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணல," என்றாள், ஏதோ பாத்திரத்தைக் கொட்டிவிட்ட மாதிரி.

மூத்தவள் ஒரு தொந்தரவும் தராமல் வந்தாள். ஒன்பது வருடம் காக்க வைத்தோமே என்ற கூச்சமோ என்னவோ. பெண். பிறந்த உடனே அழுதாள். இளையவள் அக்கா காலி செய்த இடத்தில் சுகமாகக் குறுக்கே படுத்துவிட்டாள். வெளியிலிருந்து கையால் தடவித் திருப்பினேன். திரும்பினாள், யோசித்தாள், தலையைக் கொடுத்தாள். அவளும் பெண். இரண்டும் சிறிசு, ஆனால் நல்ல குரல்.

போபய்யாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி, இரண்டையும் அவன் வெற்று மார்பில் வைத்து மேலே கம்பளியைச் சுற்றினேன். சூட்டுக்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. "அசையாதே," என்றேன். அசையவில்லை. மூச்சு விடுகிறானா என்பதே சந்தேகமாக இருந்தது.

நஞ்சுக்கொடி இரண்டும் வந்தன. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை.

எத்தனை முறை பார்த்திருக்கிறேன் — இரட்டையைச் சுமந்த கருப்பை சில சமயம் களைத்துவிடும், சுருங்கத் தெரியாமல் கிடக்கும். ஊசி போட்டேன். மாத்திரை வைத்தேன். இன்னொரு ஊசி. அடிவயிற்றைத் தேய்த்தோம். கொஞ்சம் இறுகும், விட்டால் தளர்ந்துவிடும். போர்வை நனைந்துகொண்டே போகிறது. தேச்சம்மாவின் உதடு வெளுத்துக்கொண்டு வருகிறது. ரத்தம் இருக்கிற குளிர்பெட்டி டவுனில். நடுவில் மூன்று மரம். நான் என்ன பண்ணித் தொலைச்சேன்? ஒரு கிண்ணப் பாயசத்துக்கா பத்து நாள் விட்டு வச்சேன்? இவ என்னை நம்பித்தானே மைசூர் வேண்டாம்னா.

நிரஞ்சன் வாசலுக்குப் போய், தங்கப் பதக்கக் குரலில் கேட்டார்: "சார், வீட்ல நிரோத் இருக்கா?"

போபய்யா தன் மார்பில் கிடந்த இரண்டு பேரையும் பார்த்தான். நிரஞ்சனைப் பார்த்தான்.

"ஒன்பது வருஷமா பிள்ளைக்கு ஏங்குற வீட்ல அது எதுக்கு டாக்டர் இருக்கப்போகுது?"

ஆணுறையைக் குழாய் நுனியில் கட்டி, கருப்பைக்குள் வைத்து உப்புநீரை ஏற்றினால், பலூனாக விரிந்து ரத்தம் கசியும் இடத்தை உள்ளேயிருந்து அழுத்தும். கேட்டதில் தப்பில்லை. கேட்ட வீடுதான் தப்பு. ஆபரேஷன் கையுறையைக் கட்டிச் சமாளித்தோம். கசிவு குறைந்தது. நிற்கவில்லை. நிரஞ்சன் ஒரு கையை உள்ளே கொடுத்து, மறு கையை வயிற்றின் மேல் வைத்து, கருப்பையை நடுவில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம் மேடம்?"

"டவுன் போற வரைக்கும்."

"எப்படிப் போறது?"

எனக்குத் தெரியவில்லை.

அப்போது வாசலில் வெடித்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வெளியே பாய்ந்தேன். சுபேதார் மேதப்பா மழையில் நனைந்து, மலர்ந்த முகத்தோடு, புகைகிற துப்பாக்கியைப் பிடித்து நிற்கிறார். நான் கத்திய வார்த்தைகளை இங்கே எழுதவில்லை. "யாரு செத்துட்டான்னு ரெண்டு வெடி? அவ உள்ள உயிரோட இருக்கா!" என்பதுதான் அதில் நாகரிகமானது.

"ரெண்டு பேத்தி அக்கம்மா," என்றார். "ரெண்டுக்கு ரெண்டு."

திரும்பி உள்ளே போய்விட்டேன். அந்த இரண்டு சத்தத்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க எனக்கு அப்போது இடமில்லை.

நடந்தது இது. சாதாரண நாளில் அந்தப் பலா யார் எல்லையில் விழுந்தது என்று பேசி முடிக்கவே ஒரு வாரம் ஆகும். ஆனால் இரண்டு வெடி கேட்டுவிட்டால் காது எட்டும் தூரத்தில் கைவேலை நின்றுபோகும். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே ஆக வேண்டும். வருகிறவர்கள் வழியில் கிடப்பதை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் வருவார்கள், பின்னால் உறவுக்காரர்கள் வர வேண்டுமே. எட்டு வருடமாக ஒருவரோடொருவர் பேசாத இரண்டு தோட்டத்துக்காரர்கள் மர அறுவை இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அறுத்தார்களாம். பேசாமலேயே.

முதலில் வந்து சேர்ந்தவர் ஊர்த் தலைவர் நாணய்யா. வெள்ளை அங்கி முழுக்க மரத்தூள். தூரத்திலேயே அழுதுகொண்டு வந்தார். "அண்ணே, அந்த எல்லைக்கல்ல நகர்த்தினது நான்தாண்ணே, சொல்லாமலே போயிட்டீங்களே—" என்று படியேறி, நிமிர்ந்து, துப்பாக்கியோடு நின்ற மேதப்பாவைப் பார்த்தார்.

நான் ஜன்னல் வழியாகக் கேட்டது:

"அண்ணே! உயிரோடவா இருக்கீங்க?"

"ஏன், ஏதாவது ஆட்சேபணையா?"

"ரெண்டு வெடி கேட்டுச்சே!"

"எந்தக் கல்லு?"

அதற்குள் பின்னால் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒப்பாரி தொடங்கிவிட்ட ஒருத்தி, பாதியில் நிறுத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று, உயிரோடு இருக்கிற மனிதரின் முகத்துக்கு நேரே அதைப் பாடி முடித்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினாள்.

"பாதை திறந்துருச்சா?" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

"திறந்தாச்சு டாக்டரக்கா. பொணம் எங்க?"

"பொணம் இல்ல. பொம்பள. தூக்குங்க!"

பாடை கட்ட மூங்கில் கொண்டுவந்திருந்தார்கள். அதில் போர்வையைக் கட்டித் தேச்சம்மாவைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். நிரஞ்சன் கையை எடுக்காமல் கூடவே பக்கவாட்டில் நடந்து, பக்கவாட்டிலேயே ஏறினார். முன்னால் போபய்யா, கம்பளிக்குள் இரண்டு பெண்களோடு. ஜீப்பை ஓட்டியது நான். வெள்ளை உடுத்தியவர்கள் சிலர் வழி ஒதுக்கிக்கொண்டு முன்னால் ஓட, மற்றவர்கள் கிடைத்த வண்டியில் பின்னால் வந்தார்கள். டவுனுக்குள் நுழைந்தபோது கடைக்காரர்கள் மரியாதையாகக் கதவைப் பாதி இறக்கினார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

பின்னாலிருந்து தேச்சம்மாவின் குரல், மிக மெல்லியதாக: "டாக்டர் தம்பி, கை வலிக்குதா?"

"இல்லைங்க," என்றார் நிரஞ்சன். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தேன்.

ரத்தம் ஏறியது. கருப்பை ஒருவழியாக வேலையைப் புரிந்துகொண்டு இறுகியது. படபடத்த நாடி நிதானத்துக்கு வந்தது. ஏலியம்மா குழந்தைகளை வாங்கிக்கொண்டு போபய்யாவைப் பார்த்து, "அந்த நாற்காலில உக்காருப்பா," என்றார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டான்.

ஆகஸ்ட் 4, மாலை

காலையில் எழுதி முடித்துக் கண்ணயர்ந்தபோது நிரஞ்சன் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், ரத்தம் சேரல! யூரின் பை முழுக்கச் சிவப்பா வருது. ரெண்டாவது யூனிட்டை நிறுத்திட்டேன்."

தவறான ரத்தம் ஏறினால் சிறுநீர் சிவக்கும். அது பாடப்புத்தகம். போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது. தேச்சம்மா கஞ்சி கேட்டாள். ரத்தப் பை எண்ணையும் வகையையும் மறுபடி ஒருமுறை சரிபார்த்தேன். எல்லாம் சரி.

"டாக்டர் நிரஞ்சன்," என்றேன், "காலையிலிருந்து நீங்க பாத்ரூம் போனீங்களா?"

"இல்ல மேடம். எங்க நேரம்?"

"போயிட்டு வாங்க."

போனார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், எனக்கும்..."

"எனக்கும்தான். ஊருக்கே அப்படித்தான். நேத்து கக்கடம் பதினெட்டு. அந்தப் பாயசத் தழை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கறதே அதை வச்சுத்தான்."

நிரஞ்சன் சிரிக்கத் தொடங்கினார். நேற்று முழுக்க அடக்கி வைத்தது மொத்தமும் சிரிப்பாக வந்தது. தேச்சம்மா என்னவென்று கேட்டாள். சொன்னோம். "வயிறு வலிக்குது, சிரிக்க வைக்காதீங்க," என்று சிரித்தாள். இந்த அறையில் அவள் சிரித்து நான் பார்ப்பது இதுவே முதல் தடவை.

இரண்டாவது யூனிட்டை மறுபடி ஓடவிட்டோம்.

ஆகஸ்ட் 6

சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். வெள்ளை உடுத்தி வந்துவிட்டு எதுவும் செய்யாமல் திரும்புவது முறையில்லையாம்.

ஆகஸ்ட் 10

சுபேதார் மேதப்பா பேத்திகளைப் பார்க்க வந்தார். ஒரு வாரமாக அவருக்கு நல்ல காலம். செத்தால் ஊர் என்ன பேசும் என்று கேட்க எல்லாருக்கும் ஆசை இருக்கும். கேட்கக் கொடுத்து வைத்தவர் இவர் ஒருவர்தான். அழுதுகொண்டு வந்தவர்களை வீடு தேடிப் போய், "அன்னிக்கு என்னமோ சொல்லிட்டு வந்தியே, என்ன அது?" என்று கேட்டுவருகிறாராம். எல்லைக்கல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

"வேணும்னுதான் ரெண்டு வெடி வச்சேன் அக்கம்மா," என்றார். "ராணுவத்துல இருந்தவன் நான். மழையில மரம் வெட்ட வான்னு கூப்பிட்டா எவன் வருவான்? செத்துட்டேன்னா வருவான். யோசிச்சுப் போட்ட திட்டம்."

அவர் போன பிறகு போபய்யா என் காதருகே குனிந்தான். "பொய் டாக்டரக்கா. முதல் வெடி வச்சுட்டு உள்ள வரத் திரும்புனாரு. 'அட, இன்னொண்ணும் இருக்கே'ன்னுட்டு மறுபடி போயி ரெண்டாவது வச்சாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சரித்திரம் எழுதுபவர்களுக்கு இரண்டு தரப்பும் தேவை. இரண்டையும் எழுதிவிட்டேன். ஒரு உயிர் இருக்கிறது. அது யாருடைய புத்திசாலித்தனத்தால் என்று தெரியாமல் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னுடையதால் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. இனி இரட்டையைச் சுமப்பவள் கக்கடம் பிறக்கும் முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். என் குடகுப் பிறப்பை யார் சந்தேகித்தாலும் சரி.

ஆகஸ்ட் 13

நிரஞ்சனின் வரிசை வாசலைத் தாண்டிப் போகிறது. தோட்டத்துப் பெண்கள், "அந்தக் கைய எடுக்காத டாக்டர்" என்று கேட்டு வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரிகளின் நோயெல்லாம் தீர்ந்துவிட்டது போல. இப்போது வருகிறவர்கள் சொந்த நோயோடு வருகிறார்கள். எழுபது வயதுக் கிழவி தன் பேத்தியின் புகைப்படத்தோடு வந்தாள். மருத்துவ ஆலோசனை எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19

இரண்டு பெண்களும் பால் நன்றாகக் குடிக்கிறார்கள், எடை ஏறுகிறது. நாளை வீட்டுக்கு அனுப்புகிறேன். மூத்தவள் அழுகையை நிறுத்தினால் இளையவள் தொடங்குகிறாள். இளையவள் நிறுத்தினால் மூத்தவள் தொடர்கிறாள். ஏலியம்மா இதை ஒரு தொழிற்சங்கம் என்கிறார்.

செப்டம்பர் 6

இன்று மேதப்பா வீட்டில் கிணற்றுப் பூசை. பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழிந்து முதல் முறையாகக் கிணற்றடிக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு, தண்ணீர் மொண்டு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தேச்சம்மா போகலாமா என்று என்னைக் கேட்டார்கள். ரத்த அளவு பார்த்தேன். போகலாம் என்றேன். நிரஞ்சன், "குடம் சின்னதா இருக்கட்டும்," என்றார்.

மழை விட்டிருந்தது. சிவப்புப் பட்டுப் புடவையைக் குடகு முறையில் கொசுவம் பின்னால் வைத்துக் கட்டி, தலையில் துணி போட்டு, தேச்சம்மா முன்னால் நடந்தாள். அதே ஊர்க்காரர்கள்தான், இந்தத் தடவை வண்ணம் உடுத்தி வந்திருந்தார்கள். போபய்யா இரண்டு பேரையும் ஆளுக்கொரு தோளில் வைத்துக்கொண்டு, இப்போதும் அசையாமல் நின்றான். "மூச்சு விடுடா," என்றாள் அவனுடைய அக்கா.

கிணற்றடியிலிருந்து திரும்பும்போது தேச்சம்மா படியில் கொஞ்சம் நின்றாள். நாங்கள் இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் ஓரடி முன்னால் வைத்தோம். அவள் எங்களைப் பார்த்துத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தண்ணீர் சிந்தாமல், தானே ஏறினாள். உள்ளே போனாள். பிறகு எட்டிப் பார்த்து, "சாப்பிட வாங்க டாக்டரக்கா, பன்றிக்கறி ஆறிடும்," என்றாள்.

நான் மூன்று முறை கடம்புட்டு அரிசி உருண்டை போட்டுக்கொண்டேன்.

சுபேதார் மேதப்பாவுக்கு இந்த மாதப் பென்ஷன் வரவில்லை. போபய்யா போய் விசாரித்ததில், ஆகஸ்ட் மூன்றாம் தேதி அவர் காலமாகிவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது.